பூமயில் மெலிந்த கோடை

ஆலடியேந்தலில் ஆலமரமும் கிடையாது, ஏந்தல் என்று சொல்ல ஒரு சின்னக் கண்மாயும் கிடையாது. பேர் வைத்த புண்ணியவான் இரண்டையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வைத்தார் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் பரமக்குடி பஸ்ஸிலிருந்து இறங்கி நாலு பக்கமும் பார்த்துக்கொள்ளலாம், கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேல முள்ளுதான், அதன் நிழல் ஓர் ஆட்டுக்குட்டிக்கே காணாது. அந்த முள்ளுக்காட்டுக்கு நடுவே பாய் விரித்த மாதிரி சிவக்கச் சிவக்கக் கிடந்தது மிளகாய்க் களம். தை பிறந்ததிலிருந்து சித்திரை முடியும்வரை சுற்றுப்பட்டு மிளகாயெல்லாம் அங்கேதான் வந்து கொட்டும், காயும், சுருங்கும், நெடி ஏறும். ஊருக்குப் புதிதாக வருகிறவன் முதலில் தும்முவான், பிறகுதான் வணக்கம் சொல்வான்.

அந்தக் களத்தில் காம்பு கிள்ளுகிற பெண்கள் வெயிலிலேதான் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. சூடேறிய வத்தலில்தான் காம்பு சட்டென்று சுத்தமாக ஒடியும். நிழலில் கிடந்தால் வத்தல் நமுத்துப்போய், காம்போடு தோலும் கிழிந்து விதை சிந்தும். ஆகையால் களத்துக்குச் சொந்தக்காரரான வெள்ளைச்சாமி முதலாளியிடம் பந்தல் என்ற பேச்சை எடுத்தாலே அவருக்குக் காது கேட்காமல் போய்விடும். கேட்டாலும், "மொளகாக்குப் பந்தல் போட்டா அது மொளகா இல்லத்தா, கீரை" என்பார். மிளகாய்க்கு வெயில் வேண்டும், மனுஷிக்கு நிழல் வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும்; இதில் தோற்கப்போவது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. போன சித்திரையில் இருளாயி தோற்றாள். கிள்ளிக்கொண்டிருந்தவள் அப்படியே முன்னால் சாய்ந்தாள், அசந்து தூங்குகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், தொட்டுப் பார்த்தபோது உடம்பு வத்தலைவிடச் சுட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. களத்தின் கிழக்கோரத்தில் அவள் உட்காருகிற இடத்தில் அதற்குப் பிறகு யாரும் உட்காரவில்லை; அவளுடைய சாக்கை மட்டும் தினமும் விரித்து வைத்தார்கள்.

இருளாயியின் உயிர்த்தோழிதான் பூமயில். களத்து வாசலில் பலகாரக் கடை வைத்திருந்தாள். பூமயில் என்ற பேரைக் கேட்டுவிட்டு ஒல்லியாக ஒருத்தியை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அவள் உட்காருவதற்கென்றே அவள் புருஷன் சாத்தையா, ஊர் ஆசாரியிடம் சொல்லி, கால் பருத்த முக்காலி ஒன்று தனியாகச் செய்துவைத்திருந்தான். அவள் சிரித்தால் சட்டியில் எண்ணெய் அலையடிக்கும்; அவள் மடியில் ஒரே நேரத்தில் மூன்று பிள்ளைகள் தூங்கலாம், மூன்றுக்கும் தலையணை வேண்டாம்; தான் சுட்ட உளுந்த வடையைத் தானே தின்று, கண்ணை மூடி, "ஆகா, எவ சுட்டதுத்தா இது" என்று தன்னைத் தானே பாராட்டிக்கொள்ளும் துணிச்சல் அந்த வட்டாரத்தில் அவளுக்கு மட்டும்தான் இருந்தது. அவளைக் குண்டு என்று சொன்னவன் ஒருவன் உண்டு, வெளியூர் லாரிக்காரன், அவனுக்கு அன்றைக்கு வடை கிடைக்கவில்லை. இன்னொரு குணமும் அவளுக்கு உண்டு. எதையும் வீணாக்க மாட்டாள். ஊறின உளுந்தில் ஒரு பருப்பு தரையில் விழுந்தாலும் எடுத்துக் கழுவிப் போடுவாள், சட்டியில் மிஞ்சின தூளைக்கூடப் பொட்டலம் கட்டி யார் கையிலாவது கொடுத்துவிடுவாள்.

அந்தத் தை மாதம் பூமயிலின் முட்டிகள் இரண்டும் இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டன. சுகாதார நிலையத்துக்குச் சாத்தையா அவளை மாட்டுவண்டியில் கூட்டிப்போனான். சோதித்துப் பார்த்துவிட்டு நர்ஸ் சகாயமேரி ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்.

"ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு பூமயிலு. முட்டியும் பாரம் தாங்கல. எடையக் கொறைக்கணும்."

"அதுக்கு என்ன சிஸ்டர், ஒரு மாத்திரையக் குடுங்க, தின்னுட்டுப் போறேன்."

"மாத்திரை ஒன் அடுப்படியிலயே இருக்கு. கொள்ளு, வாழைத்தண்டு, சொரக்கா, கறிவேப்பில, வெந்தயம். சோத்தக் கொறச்சுக் கீரையக் கூட்டு. எண்ணெச்சட்டிய விட்டுத் தள்ளி நில்லு. சாயங்காலம் நட. இதெல்லாம் ஒதவி பண்ணும், மந்திரம் பண்ணாது, பாத்துக்க. நான் போதும்னு சொல்றப்ப நிறுத்திறணும், அதுவும் முக்கியம்."

மந்திரம் பண்ணாது என்று சகாயமேரி சொன்னது உலகத்தில் மற்ற எல்லோருக்கும் சரிதான்.

பத்தியம் என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குவது என்று பூமயில் நினைக்கவில்லை. வாய் மதிக்காததை வயிறு எப்படி மதிக்கும் என்று கேட்கிறவள் அவள். கொள்ளை வாசம் வரும்வரை வறுத்து, குழைய வேகவைத்து, அந்தத் தண்ணீரை இறுத்து, புளியைக் கரைத்து ஊற்றி, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டு, களத்து முண்டு மிளகாய் ஒன்றை நெருப்பில் வாட்டி மிதக்கவிட்டு அவள் ரசம் வைத்தபோது, பரமக்குடி பஸ் டிரைவர் நிறுத்தமில்லாத இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். வாழைத்தண்டை நார் உருவி மோரில் போட்டு, பாசிப்பருப்போடு சேர்த்துப் பொரியல் செய்தாள். பிஞ்சுச் சுரைக்காயைத் தோலோடு நறுக்கி ஒரு சொட்டு எண்ணெயில் வதக்கிக் கூட்டு வைத்தாள். கறிவேப்பிலையைக் கொத்துக் கொத்தாக உருவி இஞ்சியோடு துவையல் அரைத்தாள். வெந்தயத்தை ஊறவைத்துக் காலையில் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, முளைவிட்டதைக் கேப்பைக் கூழுக்குத் தொட்டுக்கொண்டாள். கொஞ்ச நாளில் கடையில் பஜ்ஜி கேட்கிறவர்கள் குறைந்து, "தண்டுப் பொரியல் இருக்கா தாயி" என்று கேட்கிறவர்கள் கூடினார்கள். பூமயில் இளைத்தாள். மாசி பாதியில் முக்காலியில் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது. சாயங்காலம் பஸ் நிறுத்தம்வரை நடந்து திரும்பினாள், முட்டிகள் முணுமுணுப்பை நிறுத்திக்கொண்டன.

மாசி கடைசியில் ஒருநாள் உச்சி வெயிலில், பூமயில் நீர்மோர் வாளியைத் தூக்கிக்கொண்டு களத்துக்குள் போனாள். உச்சிப்பொழுதில் எல்லோருடைய நிழலும் காலடிக்குள் போய் ஒளிந்துகொள்ளும், வெயிலுக்குப் பயப்படாத நிழல் உண்டா. இருளாயியின் தங்கை ராக்கு குனிந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவள், பிடரியில் சில்லென்று படவும் மேகம் வந்துவிட்டது என்று அண்ணாந்து பார்த்தாள். மேகம் இல்லை. திரும்பிப் பார்த்தாள்.

"மதினி, ஒங்க நெழலு ஒங்கள மாதிரி இளைக்கல" என்றாள்.

எல்லோரும் பார்த்தார்கள். இளைக்காதது மட்டுமில்லை, பழைய பூமயிலைவிட அகலமாக, அவள் முதுகுக்குப் பின்னால், நனைந்த தரை மாதிரிக் குளுமையாக, நாலு பேர் உட்காருகிற அளவுக்கு விரிந்து கிடந்தது அந்த நிழல். பூமயில் திரும்பினாள், நிழலும் திரும்பியது. உச்சிவெயில் நேரத்தில் அவள் எந்தப் பக்கம் முதுகைக் காட்டுகிறாளோ அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. காலையிலும் மாலையிலும் மட்டும் மற்ற நிழல்களைப் போலச் சூரியனுக்கு மரியாதை கொடுத்தது.

"ஒடம்பு உதறினதையெல்லாம் அது எடுத்து வச்சிக்கிருச்சு" என்றாள் ராக்கு. வீணாக்காத பொம்பளையின் நிழல் வேறெப்படி இருக்கும் என்று மற்றவர்களும் தலையாட்டிவிட்டு நீர்மோரைக் குடித்தார்கள்.

பூமயில் வாளியைக் கீழே வைத்தாள். கிழக்கோரத்துக்கு நடந்துபோய், விரித்துக் கிடந்த வெறும் சாக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இருளாயியின் சாக்கின்மேல் நிழல் விழுந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பிறகு வந்து உயிரோடு இருக்கிறவர்களுக்கு முதுகைக் காட்டினாள்.

அன்றிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. வெயில் ஏறியதும் கடையைச் சாத்தையாவிடம் விட்டுவிட்டுப் பூமயில் களத்தின் கிழக்குப் பாதியான கீழக்களத்துக்குப் போவாள்; மேற்குப் பாதியான மேலக்களத்துக்கு நிழல் எட்டவில்லை. உட்கார்ந்தால் நிழலும் சுருங்கிவிடும் என்று கண்டுகொண்டதால் நின்றாள். கிள்ளுகிற பெண்கள் ஒரு வரிசையாக உட்கார, நிழலின் ஓரம் அவர்கள் மடியில் வந்து நிற்கும், மடிக்கு அந்தப்பக்கம் மிளகாய்க் குவியல் வெயிலில் கிடக்கும். கை வெயிலுக்குள் போய் வத்தலை எடுத்துக் காம்பை ஒடித்துவிட்டுத் திரும்பும், தலை நிழலிலேயே இருக்கும். பொழுது நகர நகரப் பூமயில் அரை அடி, கால் அடி என்று நகர்ந்துகொள்வாள், ஓரம் மடியை விட்டு விலகாது. அந்தக் கணக்கு அவளுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், "பணியாரத்தத் திருப்புற பதந்தேன்" என்பாள். வத்தல் நமுக்கவில்லை, ஒரு காம்பும் தோலைக் கிழிக்கவில்லை. அந்த நிழலில் உட்கார்ந்தவர்கள் சொல்வார்கள், அதில் லேசாகக் கொள்ளு ரசம் வாசமும் பச்சைக் கறிவேப்பிலை வாசமும் அடிக்கும் என்று.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் பார்க்க வேண்டியது. ஆடுகள் முதலில் வந்தன, கேட்காமல் வந்து ஓரமாகப் படுத்தன. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வந்தார்கள். தபால்காரர் சைக்கிளை நிறுத்தி டயரை ஆறவைத்தார். டீக்கடையில் இதற்குக் காரணம் என்ன என்று வாதம் நடந்து, கொள்ளுக் கட்சி என்றும் வாழைத்தண்டுக் கட்சி என்றும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. வெந்தயத்துக்காகப் பேசிய ஒரே மனிதர் இரு பக்கமும் ஏச்சு வாங்கினார். வீட்டில் எல்லோரும் அதையே சமைத்துச் சாப்பிட்டுப் பார்த்தார்கள், சிலர் இளைக்கவும் செய்தார்கள், அவர்கள் நிழலும் கூடவே ஒழுங்காக இளைத்துப்போயிற்று. சரி, அது அவளுக்கு வாய்த்தது என்று விட்டுவிட்டு, ஆளாளுக்கு அவளுக்குக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி வாழைத்தோட்டத்திலிருந்து தண்டாகக் கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவந்தாள். ஒருத்தி கொடியில் பிஞ்சு விட்ட சுரைக்காயைப் பூமயிலுக்கு என்று சொல்லித் துணி கட்டிவைத்தாள். பிள்ளை பரீட்சையில் தேறினால் பூமயிலுக்கு ஒரு மூட்டை கொள்ளு என்று அம்மன் முன்னால் நேர்ந்துகொண்டார்கள். உலகத்தில் நன்றி சொல்கிறவர்கள் நெய்யும் சர்க்கரையும் கொண்டுவருவார்கள், ஆலடியேந்தல்காரர்கள் கொழுப்பைக் கரைக்கிற சாமானாகப் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்தார்கள். பாசத்தோடுதான் கொண்டுவந்தார்கள், அதில் சந்தேகமே வேண்டாம்.

வெள்ளைச்சாமி முதலாளிக்குத்தான் பரம சந்தோஷம். பந்தல் பேச்சு தானாக ஓய்ந்துவிட்டது. நல்ல பருத்த உடம்பு அவருக்கு, மத்தியான வேளையில் கயிற்றுக்கட்டிலைத் தூக்கிவரச் சொல்லி நிழலின் குளுமையான மூலையில் போட்டுக்கொண்டு குறட்டை விட்டார்.

பங்குனி முடிகிற சமயம் சகாயமேரி பூமயிலை எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "போதும்" என்றாள். "ஈரல் நல்லா இருக்கு, முட்டி நல்லா இருக்கு. இனிமே எல்லாத்தையும் அளவாச் சாப்பிடு. இதுக்கு மேல ஒரு பிடி எறங்கக் கூடாது."

"மேலக்களத்துக்கு இன்னும் எட்டல சிஸ்டர்."

"எது எட்டல?"

பூமயில் வாசலைக் காட்டினாள். சுகாதார நிலையத்து முற்றத்தில் அவள் நிழல் நீண்டு கிடந்தது, ஊசி போட வந்த கூட்டம் முழுக்க அதில் உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்தது. சகாயமேரி அதைப் பார்த்தாள், அவளும் அந்த ஊர்க்காரிதான், ஆச்சரியப்படவில்லை. "அது நல்லா இருக்கு. நான் ஒன்னயப் பத்திப் பேசுறேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் சித்திரை பிறந்துவிட்டது. கீழக்களத்துப் பெண்கள் நிழலில் இருந்தார்கள், மேலக்களத்துப் பெண்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் வெந்தார்கள், இரண்டுக்கும் நடுவே பூமயில் நின்றாள். மேலக்களத்தில் யாராவது தலையைக் கையில் தாங்கினால் அவள் கண் இருளாயியின் சாக்குக்குப் போயிற்று. வெள்ளைச்சாமி கட்டிலில் புரண்டு படுத்துக்கொண்டே, "இன்னுங் கொஞ்சம் கொறச்சின்னா அங்கிட்டும் எட்டிரும் பூமயிலு" என்றார், சொன்னதோடு நிற்காமல் ஒரு மூட்டைக் கொள்ளும் அனுப்பினார். பூமயில் கேப்பைக் கூழை விட்டாள், மோரை விட்டாள், ரசம் மட்டும் குடித்தாள், வெந்தயத் தண்ணீர் குடித்தாள். கன்னம் ஒட்டியது. நிழல் ஒவ்வொரு நாளும் மேற்கே ஒரு சாக்கு தூரம் நகர்ந்தது, அதில் புதிதாக வந்து சேர்ந்த பெண்கள் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒருநாள் ரசத்தைக் கலக்கும்போது கையிலிருந்த இரண்டு வளையலும் நழுவிச் சட்டிக்குள் விழுந்தன. கரண்டியால் அவற்றைத் தேடியெடுத்த சாத்தையா, அதுவரை கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் குரல் உயர்த்தாதவன், கரண்டியைத் தரையில் அடித்தான்.

"ஒன் நெழலு ஊரையே மூடுது. நீ எங்கடி? எங்கிட்டுப் போன?"

"இங்கதான இருக்கேன்."

"இல்ல. முந்தி நீ நடந்துவந்தா எனக்கு முதுகுலயே தெரியும். இப்பத் திரும்பிப் பாத்தாக்கூடத் தேட வேண்டியிருக்கு. நீ ஒடம்ப வச்சிக்கிட்டுச் சிரிப்பியே, அதத்தான நான் கட்டிக்கிட்டு வந்தேன்."

பூமயில் வளையலை முந்தானையில் முடிந்துகொண்டாள். "இருளாயி சாஞ்ச அன்னைக்கு எங்கிட்ட ஒரு முழம் நெழலு இருந்திருந்தா அவ இன்னைக்கு இருந்திருப்பா. இப்ப இருக்கு. இருக்கிறத வச்சிக்கிட்டு இன்னொருத்தியச் சாக விட்டா நான் மனுஷியா, சொல்லுங்க" என்றாள். சாத்தையா அடுப்பை ஊதினான், புகையால்தான் கண் கலங்கியது என்று வைத்துக்கொள்வோம்.

கத்திரி வெயில் தொடங்கிய வாரம், உச்சிவெயில் தணியாத ஒரு பிற்பகலில், நிழல் மேலக்களத்தின் கடைசிச் சாக்கைத் தொட்டது. களத்தில் இருந்த அத்தனை பெண்களும், ஆடுகளும், கட்டிலில் முதலாளியும் நிழலுக்குள் இருந்தார்கள். கடைசிச் சாக்குக்காரி, "வந்திருச்சு மதினி, வந்திருச்சு" என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள், எல்லோரும் குலவை போட்டார்கள். குலவை முடிகிறபோது பூமயில் சத்தமில்லாமல் கீழே விழுந்தாள்.

ராக்கு ஓடினாள். தொட்டுப் பார்த்தாள். உடம்பு வத்தலைவிடச் சுட்டது. அந்தச் சூடு அவள் கைக்குத் தெரிந்த சூடு, போன வருஷம் அக்காவைத் தொட்ட அதே கை அது. "தூக்குங்கடி, நெழலுக்குத் தூக்குங்க" என்று கத்தினாள். நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள், தூக்க நாலு பேர் தேவையே இல்லை, நிழலை நோக்கி ஓடினார்கள். நிழல் அவர்களுக்கு முன்னால் ஓடியது. அவர்கள் கிழக்கே போனால் அது இன்னும் கிழக்கே போயிற்று, சுற்றிக்கொண்டு வந்தால் அதுவும் சுற்றியது. எத்தனை பேரை மூடினாலும் அவளை மட்டும் மூட அதற்கு வழியில்லை. அப்போதுதான் ராக்குவுக்கு மண்டையில் அடித்தது. மாசியிலிருந்து இந்தக் களத்தில் எல்லோரும் நிழலில் இருந்திருக்கிறார்கள், நிழலுக்குச் சொந்தக்காரி ஒருத்தி மட்டும் ஒரு நாள்கூட நிழலில் நின்றதில்லை. அவள் நிற்கிற இடம் வெயில் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் முதுகைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

"எறக்குங்க" என்றாள். "எறக்கிட்டு எல்லாரும் எந்திரிச்சு வாங்க. மேக்க நில்லுங்க. தோளோட தோளு சேத்து நில்லுங்க, எடம் விடாதீக."

கிள்ளுகிற பெண்கள் அத்தனை பேரும் எழுந்து வந்தார்கள். சூரியன் மேற்கே சாய்ந்திருந்தது. அவர்கள் வரிசையாக, நெருக்கியடித்து, முந்தானையைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆளுக்கொரு சீவல் நிழல்தான் அவர்களிடம் இருந்தது, உதறுவதற்கு அவர்கள் உடம்பில் எந்தக் காலத்திலும் ஒன்றும் மிஞ்சியதில்லை. அந்தச் சீவல்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் வெளிச்சம் புகாமல், பூமயிலின் தலையிலிருந்து இடுப்புவரை மூடின. ஒருத்தி குடத்துத் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினாள், ஒருத்தி காம்பு போடுகிற ஓலைக்கொட்டானால் விசிறினாள், ராக்கு துணியை நனைத்து நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தாள். ஒருத்தி சகாயமேரியைக் கூட்டிவர ஓடினாள். வெகுநேரம் கழித்துப் பூமயில் கண்ணைத் திறந்து, "மேலக்களத்துல வெயில் அடிக்குதா?" என்று கேட்டாள்.

"அடிச்சா அடிக்கட்டும்" என்றாள் ராக்கு, அழுதுகொண்டே.

சகாயமேரி வந்து, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை வாயில் விட்டு, நாடியைப் பிடித்துப் பார்த்து, "பொழச்சிக்கிட்டா, சோறு போடுங்க இவளுக்கு, இம்புட்டு நாளா என்னத்தப் போட்டீக" என்று எல்லோரையும் ஒரு பாடு திட்டித் தீர்த்தாள். சாத்தையா அதற்குள் கடைக்கு ஓடி உளுந்தங்களி கிண்டிக்கொண்டு வந்துவிட்டான். கருப்பட்டி போட்டு, நடுவில் குழிபறித்து, குழி நிறைய நல்லெண்ணெய் ஊற்றியிருந்தான். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு விரல் களியை எண்ணெயில் தோய்த்து வாயில் வைத்தான். பூமயில் மென்றாள். நிழல் மேலக்களத்தின் கடைசிச் சாக்கை விட்டு விலகியது. இன்னொரு விரல். நிழல் இன்னும் சுருங்கியது. வரிசையில் நின்றவர்களுக்கு அது தெரிந்தது, அவர்களுடைய இடங்களில் ஒவ்வொன்றாக வெயில் வந்து உட்காருவதைப் பார்த்தார்கள். ஒருத்தியும் அசையவில்லை.

நிழல் கட்டிலை விட்டுப் போனபோது வெள்ளைச்சாமி விழித்துக்கொண்டார். முகத்தில் வெயில் அறைந்தது. எழுந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பதறிப்போனார்.

"ஏத்தா, அவளுக்கு ஏன் களியக் குடுக்குறீக? நெழலு சுருங்குது பாருங்க!"

ராக்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மதினிக்குக் காலு வெயில்ல கெடக்கு. வந்து வரிசையில நில்லுங்க மொதலாளி, ஒங்க நெழலு நல்ல அகலம்" என்றாள்.

வெள்ளைச்சாமிக்குக் கட்டிலில் இருந்தாலும் வெயில்தான். இத்தனை பெண்கள் முதுகைக் காட்டி நிற்கும்போது உட்கார்ந்திருப்பதும் அசிங்கமாக இருந்தது. வந்து வரிசையின் கடைசியில் நின்றார். அவர் நிழல் பூமயிலின் முழங்காலிலிருந்து பாதம்வரை தாராளமாக விழுந்தது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கிண்ணம் காலியாகும்வரை நின்றார். சொந்தக் களத்தில் அவர் வெயிலில் நின்றது அதுதான் முதல் தடவை. உச்சந்தலை கொதித்தது, கண் இருட்டியது, பக்கத்தில் நின்றவளின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"தெனமும் இப்படியாத்தா இருக்கும்?" என்று கேட்டார்.

"இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்ல" என்றாள் அவள்.

மறுநாள் காலையில் ஒருத்தியும் களத்தில் உட்காரவில்லை. சண்டை போடவில்லை, கூச்சல் போடவில்லை, வாசலில் நின்றார்கள். பந்தல் வேண்டும் என்றாள் ராக்கு. மிளகாய் நமுத்துப்போகுமே என்று வெள்ளைச்சாமி வாயெடுத்தார், தலை இன்னும் கிறுகிறுத்துக்கொண்டிருந்ததால் குரலில் பழைய தெம்பு இல்லை. நமுக்காது என்று ராக்கு சொன்னாள். பந்தல் நட்டுவைத்தால்தான் நமுக்கும், நடந்தால் நமுக்காது, மதினி நடந்தாளே. அப்படித்தான் ஆசாரி வந்து, பழைய மாட்டுவண்டிச் சக்கரங்களைப் பூட்டி, மூங்கில் கட்டி, பனையோலை வேய்ந்து, உருளுகிற பந்தல் ஒன்றைச் செய்தான். பொழுது நகர நகர இரண்டு பேர் எழுந்து அரை அடி, கால் அடி என்று தள்ளுவார்கள். நிழலின் ஓரம் மடியிலேயே நிற்கும், மிளகாய் வெயிலிலேயே கிடக்கும். கையைத் தட்டிக் கால் அடி, அரை அடி என்று சொல்லிக்கொடுத்தது பூமயில்தான், அதற்குள் அவள் கன்னத்தில் சதை ஏறத் தொடங்கியிருந்தது, வளையல் கையில் நின்றது. எவ்வளவு ஏறியதும் நிறுத்த வேண்டும் என்று சகாயமேரி சொல்லியிருந்தாள், இந்தத் தடவை பூமயில் கேட்டுக்கொண்டாள். கொள்ளு ரசத்தை மட்டும் விடவில்லை, ருசியாக இருக்கிறதே, ஏன் விட வேண்டும். நிழல் உடம்பின் அளவுக்கு வந்து, உச்சிப்பொழுதில் எல்லா நிழல்களையும் போலக் காலடிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

பந்தல் வந்த அன்று எல்லோரும் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். பூமயில் பழக்கதோஷத்தில் வெளியே வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ராக்கு எழுந்துபோய் அவள் கையைப் பிடித்து இழுத்துவந்து, கிழக்கோரத்தில் இருளாயியின் சாக்கில் உட்காரவைத்தாள். ஓலைநிழல் அவள் தலையில் விழுந்தது, கழுத்தில் விழுந்தது, மாசியிலிருந்து காய்ந்து கறுத்த தோளில் விழுந்தது. பூமயில் கண்ணை மூடிக்கொண்டாள். 

"ஏ ராக்கு" என்றாள், "என் நெழலுக்குள்ள ஒக்காந்திருந்தப்ப ஒங்களுக்கெல்லாம் இம்புட்டுக் குளுமையாவா இருந்துச்சு?"

ராக்கு ஒரு வத்தலை எடுத்துக் காம்பை ஒடித்துப் போட்டாள்.

"இல்ல மதினி" என்றாள். "இத விடக் குளுமையா இருந்துச்சு."